ஆடியில் படித்த ஜனவரி

"வருஷம் எப்படிக்கா இருக்கு?"

ஜனவரி பிறந்து ஒரு வாரத்துக்கு எங்கள் தெருவில் இந்தக் கேள்வி ஓயாது. நான் பலன் சொல்லுவேன் என்று நினைத்து யாரும் கேட்பதில்லை, கேலிதான். சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கும் ஓர் அச்சகத்தில் 34 வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறேன். மற்றவர்கள் நாளுக்கு ஒன்றாகக் கிழித்துப் பார்க்கப்போகிற வருஷத்தை, முந்தின ஆடிக்குள் ஒரு தாள் விடாமல் படித்து முடித்திருப்பேன். "தீபாவளி ஞாயித்துக்கிழமை வருது" என்பேன். 2026 நவம்பர் 8. கேட்டவர் முகம் சுருங்கிப்போகும், நானே கொண்டுபோய் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துவிட்டதுபோல. "ஆனா ஜனவரி 26 திங்கக்கிழமை" என்றதும் கொஞ்சம் சமாதானம். என்னால் சொல்ல முடிந்த வருஷ பலன் அவ்வளவுதான்.

வீட்டில் தொங்குகிற காலண்டரில் ஒரு தாளைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். உள்ளங்கை அகலம்தான். நடுவில் பெரிதாகத் தேதி, அதைச் சுற்றி எறும்பு வரிசைபோலப் பொடி எழுத்து. 2026 ஜனவரி 1 தாள் இப்படிப் போகும்: வியாழன், விசுவாவசு வருஷம் மார்கழி 17, திரயோதசி, ரோகிணி, பிரதோஷம். ராகு காலம் 1.30 முதல் 3 வரை, எமகண்டம் 6 முதல் 7.30 வரை, குளிகை 9 முதல் 10.30 வரை. சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். அப்புறம் நல்ல நேரம், சந்திராஷ்டமம், ஹிஜ்ரி தேதி, அடியில் ஒரு பொன்மொழி. பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றை வார்த்தையில் பலன்: லாபம், அலைச்சல், நட்பு, செலவு. தாளிலேயே என்னால் சரிபார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான். ஜோசியர் எழுதிக் கொடுத்தது 'செலவு' என்றால் செலவுதான். 'செளவு' என்று வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதோடு என் பொறுப்பு முடிந்தது.

மெய்ப்புப் பார்ப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் அச்சில் வந்ததைக் கண்ணால் தொடர வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் வாசித்தவர் ஓர் அண்ணாச்சி. ஈய எழுத்துக் கோர்த்துப் பழகிய கை, அதனால் எந்த எழுத்தையும் தலைகீழாகவும் வாசிப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் தலைக்கு மேல் காற்றாடி கிறீச்சிட, அவர் ஒரே ராகத்தில் போவார். "பதினாலு, புதன், தசமி, கார்த்திகை, சூலம் வடக்கு, பால்..." நான் வரிக்கு அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் "ம்" சொல்ல வேண்டும். "ம்" வராவிட்டால் தூங்குகிறேன் என்று அர்த்தம். "ம்" வந்துகொண்டே இருந்தாலும் அவருக்குச் சந்தேகம்தான். நடுவில் வேண்டுமென்றே, "செவ்வாய், ராகு காலம் காலை ஏழரை" என்பார். அதற்கும் நான் "ம்" சொன்னால் அன்றைய டீ என் செலவு. முதல் இரண்டு வருஷம் நிறைய டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ராகு காலத்தில் பிழை கண்டுபிடிப்பது சுலபம். அது கிழமையைப் பொறுத்தது, தேதியைப் பார்ப்பதே இல்லை. காலை 7.30-க்குத் திங்கள், அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சனி, பிறகு வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், கடைசியாகச் சாயங்காலம் 4.30-க்கு ஞாயிறு. எமகண்டம், குளிகை, சூலம் எல்லாம் இப்படித்தான். அதனால் 52 திங்கட்கிழமைகளையும் தனியாக எடுத்து ஒரே மூச்சில் பார்த்துவிடுவேன், அடுத்து செவ்வாய். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, மாறியது தானே கண்ணில் உறுத்தும்.

திதிதான் ஆளைச் சோதிக்கும். வரிசை மாறாது, பிரதமை, துவிதியை, திருதியை என்று பதினைந்து. ஆனால் ஒரு திதியின் நீளம் ஏறத்தாழ 20 மணியிலிருந்து 26 மணிக்கு மேல்கூடப் போகும். ஒரு சூரிய உதயத்துக்குப் பிறகு தொடங்கி அடுத்த உதயத்துக்கு முன்பே முடிந்துபோகிற திதியும் உண்டு, இரண்டு உதயத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற திதியும் உண்டு. சேர்ந்த புதிதில் ஒரு நாள் சஷ்டி, மறுநாள் அஷ்டமி என்று இருந்ததைப் பார்த்து, நடுவில் சப்தமியை விட்டுவிட்டார்கள் என்று சிவப்பு மையால் பெரிதாகச் சுழித்து எழுதி வைத்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தாயி, இங்க விட்டவன் கம்போசிங்காரன் இல்ல. மேல இருக்கிறவன். அவனுக்குத் திருத்தம் போடாத."

சொல்ல மறந்துவிட்டேன், நாங்கள் வேதக்காரர்கள். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்ப்பதில்லை, அமாவாசை விரதம் இல்லை. நான் இந்த வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மாவுக்கு ஒப்பவில்லை. "நாள் நட்சத்திரம் பார்க்காதேன்னு உன்னை வளர்த்தேன், நீ அதை எழுதிச் சம்பளம் வாங்குற" என்றாள். எழுதவில்லை, சரிபார்க்கிறேன் என்றேன். அந்த வித்தியாசம் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அப்போது பிடிபட்டிருந்ததாகச் சொல்ல முடியாது. நம்பாத விஷயத்தை இவ்வளவு கவனமாகப் பார்ப்பது ஒரு வகைப் பொய்யோ என்ற உறுத்தல் இருந்தது. அண்ணாச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். விபூதி அழியாத நெற்றிக்காரர், திருச்செந்தூருக்கு வருஷம் தவறாமல் போகிறவர். "நோன்பு தேதி பார்க்கிறேன், சாம்பல் புதன் பார்க்கிறேன். ஈஸ்டர் எந்த ஞாயிறுன்னு உன்னைவிட எனக்கு நல்லாத் தெரியும். நான் என்ன மாறிப்போனேனா? வாசிக்கிறேன், ஒப்புப் பார்க்கிறேன்" என்றார். அவ்வளவுதான் பதில். உறுத்தல் முழுசாகப் போய்விடவில்லை, 2015 வரைக்கும்.

2015 ஜனவரி 1 வியாழக்கிழமை. 2009-உம் வியாழனில்தான் தொடங்கியது. இரண்டும் லீப் வருஷம் இல்லை. கிழமை, ராகு காலம், சூலம் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும் என்பதால் கம்ப்யூட்டரில் 2009 கோப்பைத் திறந்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றினார்கள். திதி, நட்சத்திரம், தமிழ் வருஷப் பெயர், ஹிஜ்ரி எல்லாம் மாறின. ஆடி முதல் வாரத்தில் ஒரே ஒரு தாளில் பழைய 'அமாவாசை' அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தாளை நான் கிழமைவாரியாகப் பார்த்தேன், சரியாக இருந்தது. திதி வரிசை பார்க்கிறபோது என்ன நினைவில் இருந்தேனோ தெரியாது. "ம்" சொல்லியிருக்கிறேன்.

முந்தின அமாவாசை போய் ஒரு வாரம்கூட ஆகாத நாள் அது. சாயங்காலம் மேற்கே வளர்பிறை தெரிகிறது, எங்கள் தாள் அமாவாசை என்கிறது. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் தெரிந்திருக்கும். ராமநாதபுரம் பக்கம் ஒரு பெரியவருக்குத் தெரியவில்லை. பார்வை மங்கிவிட்டது, பேரன் தாளைப் படித்துச் சொன்னான், அவர் வேட்டியை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். அக்னி தீர்த்தக் கரையில் இறங்கினால் கூட்டமே இல்லை. ஆடி அமாவாசை அன்று அங்கே கால் வைக்க இடம் இருக்காது. பூக்காரம்மாவிடம் விசாரித்திருக்கிறார். "அது அடுத்த மாசம்லய்யா, ஆகஸ்ட் பதினாலு" என்றிருக்கிறாள்.

அவர் திரும்பி வந்து, காலண்டர் கொடுத்த ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொன்னார். கடைக்காரர் ஏஜென்ட்டிடம் சொல்ல, ஏஜென்ட் எங்களுக்குப் போன் போட்டார். பெரியவர் சத்தம் போட்டாரா என்று முதலாளி கேட்டார். இல்லையாம். "எனக்குப் போயிட்டுப் போகுது, வேற யாரும் ஏமாந்துடாம இருந்தாச் சரி" என்று சொன்னாராம். திட்டியிருந்தால் அன்று ராத்திரி நான் தூங்கியிருப்பேன். மாட்டித் தொங்குகிற காலண்டரைத் திரும்ப வாங்க முடியாது, அந்த நாளும் போய்விட்டது. அடுத்த வருஷக் காலண்டர் ஒன்றை அந்தக் கடை மூலமாக அவருக்கு அனுப்பினோம். வாங்கிக்கொண்டார் என்று ஏஜென்ட் சொன்னார்.

அதற்கு அப்புறம் நான் நம்புகிறேனா இல்லையா என்ற யோசனை எனக்கு வந்ததில்லை. அந்தத் தாளை அண்ணாச்சி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போனபோது மேஜை எனக்கு வந்தது, தாளும்.

தேதி தப்பாக இல்லாமலே வரும் புகார்களும் உண்டு. 2024 காலண்டர் வந்த புதிதில் ஒரு அம்மா, "அட்டைக்குப் பின்னாடி விரத நாளெல்லாம் போட்டுட்டு வைகுண்ட ஏகாதசியையே விட்டுட்டீங்களே" என்று கடைக்காரரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். விட்டது நாங்கள் இல்லை. மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிற மாதம், வளர்பிறை ஏகாதசியோ வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2023-இல் ஜனவரி 2, டிசம்பர் 23 என்று இரண்டு வந்தன. 2024 டிசம்பரில் அது 11-ஆம் தேதியே வந்துவிட்டது, அப்போது கார்த்திகையே முடியவில்லை. மார்கழிக்கு உரியது 2025 ஜனவரி 10-க்குப் போய்விட்டது. அந்த வருஷம் டிசம்பர் 30-இல் இன்னொன்று. நடுவில் 2024 வெறும் வருஷம். போனில் இதை விளக்கி முடித்ததும் அந்த அம்மா, "அப்ப அந்த வருஷம் செத்தவங்களுக்கு?" என்று கேட்டார். அது மெய்ப்புப் பார்ப்பவளிடம் கேட்கிற கேள்வியா?

வானம் மாறாமல் சட்டம் மாறியதும் உண்டு. 2008-இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. அப்போது அந்த வருஷக் காலண்டர்கள் ஏற்கெனவே வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த வருஷத்திலிருந்து அந்த இரண்டு வார்த்தையைப் பொங்கல் தாளுக்கு மாற்றினோம். 2011-இல் சட்டம் போனது, மறுபடி சித்திரைத் தாளுக்குக் கொண்டுவந்தோம். அந்த மூன்று வருஷமும், "ரெண்டு இடத்திலயும் போட்டிருங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று சொன்ன ஏஜென்ட்டுகள் இருந்தார்கள். வியாபாரிகளுக்கு எப்போதுமே இரண்டு புத்தாண்டு போதாது.

எங்கள் ஊருக்கு உண்மையான வருஷப்பிறப்பு ஆடிப்பெருக்கு அன்றுதான். பூஜை போட்டு அடுத்த வருஷ ஆல்பத்தை வெளியிடுவார்கள். முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா, காமராஜர், குழந்தை, ரோஜாப்பூ, அருவி என்று மாதிரி அட்டைகள் அடுக்கிய கனத்த புத்தகம் அது. ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அன்றைக்கு மிஷின்காரர்களுக்கு வேலை ஆரம்பம், எனக்குப் பெரும்பாலும் முடிவு. அப்புறம் தாள்களை வரிசையாக அடுக்கிக் கம்பி அடித்து, மேலே தகரப் பட்டி மடித்து, அட்டையில் ஏற்றுவது வரை அங்கே நடப்பது வேறு உலகம். அடுக்குகிற பெண்கள் கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தே ஒரு தாள் குறைகிறது என்பார்கள். எனக்கு அது இன்றுவரை வராத வித்தை.

டிசம்பர் 31 ராத்திரி கோவிலுக்குப் போவோம். பன்னிரண்டு மணிக்கு மணியடித்து, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தட்டில் வாக்குத்தத்த அட்டை இருக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன வசனம் வரும் என்று எடுக்கும்வரை தெரியாது. 365 நாளையும் ஆடியிலேயே படித்துவிட்ட எனக்கு, வருஷத்தில் தெரியாமல் கையை நீட்டுகிற இடம் அது ஒன்றுதான். அந்த ஒரு நிமிஷம் சின்னப் பிள்ளைபோல நெஞ்சு அடிக்கும். ஒரு வருஷம் எனக்கு வந்த அட்டையில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. அங்கேயே கைப்பையில் இருந்து பேனாவை எடுத்துத் திருத்தினேன். "வேதத்துக்கே திருத்தமா?" என்று வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். வேதத்துக்கு இல்லை, அச்சடித்தவருக்கு.

வீட்டுக்கு வந்து புதுக் காலண்டரை மாட்டி, அந்த அட்டையை அதன் மேல் ஓரத்தில் ஒட்டுவேன். காலையில் எழுந்து முதல் தாள் கிழிக்க வேண்டும். புதுக் கட்டு தடிமனாக, முறுக்காக இருக்கும். ஜனவரி மாதம் பூராவும் சுலபத்தில் வராது. இடது கையால் கட்டை அழுத்திக்கொண்டு, தாளைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தால் தகர விளிம்பில் பட்டு 'சர்ர்' என்று வரும், மை வாசனையோடு. நேராக இழுத்தால் பாதியில் கிழிந்து, ராகு காலம் கையிலும் எமகண்டம் சுவரிலும் நிற்கும். ஆடி மாதத்துக்கு மேல் கட்டு இளகி, தொட்டாலே வந்துவிடும். அதிலே ஒரு ருசியும் இல்லை.

எங்கள் வீட்டில் இதுவரை கிழிக்கிற உரிமை வீட்டுக்காரருக்கு. விடியற்காலை கடுங்காப்பி குடித்த கையோடு கிழிப்பார். இந்த ஜனவரியில் நாலு வயதுப் பேத்தி வந்திருந்தாள். நாற்காலி போட்டு ஏறி ஒரே இழுப்பில் மூன்று நாளைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். வீட்டுக்காரர் பதறிப்போய்ச் சோற்றுப் பருக்கையால் இரண்டாம் தேதியையும் மூன்றாம் தேதியையும் திரும்ப ஒட்டினார். மூன்றாம் தேதி திருவாதிரை. ஆருத்ரா தரிசனத்தைச் சோற்றுப் பருக்கையில் ஒட்டிய வேதக்காரர் எங்கள் தெருவில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கிழித்த தாளை எறிவதில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் பால் கணக்கு அதில்தான். பக்கத்து வீட்டு அக்கா கோவில் விபூதியை மடித்து வைப்பாள். முக்குக் கடையில் ஐந்து ரூபாய்க்குச் சீரகம் கேட்டால் போன மாத ஏகாதசியில் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்ததும் சீரகத்தைப் பார்க்காமல் திதியைப் பார்க்கிறேன். இந்த வியாதிக்கு மருந்து இல்லை.

2026-உம் வியாழக்கிழமைதான் தொடங்குகிறது. போன வைகாசியில் கம்ப்யூட்டர் தம்பி உற்சாகமாக வந்தான். "அக்கா, 2015 ஃபைல் அப்படியே பொருந்துது. கிழமை, ராகு காலம் எதையும் தொட வேண்டாம். ஒரு வாரத்து வேலை மிச்சம்." நான் ஒன்றும் சொல்லாமல் மேஜைக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, அடியில் இருந்த தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ஒன்பது, பத்து வருஷத்தில் மஞ்சளாகிவிட்டது. அவன் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், எங்கே தப்பு என்று கேட்டான். எல்லாமே சரியாக இருக்கிற மாதிரிதான் தெரியும் அதில். சொன்னேன். போய்ப் புதுக் கோப்புத் திறந்தான். ஜனவரி 1-லிருந்து ஒவ்வொன்றாக அடித்தான், அவன் வாசிக்க நான் "ம்" சொன்னேன். நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குக் காலை ஏழரை ராகு காலம் என்றான். அண்ணாச்சியின் வித்தை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, டீ அவன்தான் வாங்கினான்.

2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. அதற்கான மூலம் சித்திரைக்கு மேல் என் மேஜைக்கு வரும். அதற்குள் உங்கள் வீட்டுக் காலண்டரில் ஏதாவது தப்புக் கண்ணில் பட்டால், தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். காலண்டர் கொடுத்த கடையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும்.